மிஸ்டு காலுக்கு ஒரு மைனஸ்

சூலூர் பஸ்ஸில் முதல் பார்வையே சண்டையில்தான் தொடங்கியது...

“ஏனுங்க, குடைய உதறறதுக்கு என்ற நோட்டுதான் கெடைச்சுதுங்களா?”

சபரீஷ் பதறித் திரும்பினான். பக்கத்து சீட்டில் ஒரு பெண். மழைத்துளி தங்கிய இமைகள்... அதற்குக் கீழே கோபம். மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தவன், அவள் மடியிலிருந்த நோட்டைப் பார்த்ததும் மறந்துபோனான்.

சார்ஜர், பாஸ்வேர்ட், ஹாட்ஸ்பாட்... ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு லோஜ்பன் சொல்! தர்க்கம் பிசகாமல் பேசவென்றே சிலர் உட்கார்ந்து உருவாக்கிய மொழி அது. கோயமுத்தூர் ஜில்லாவிலேயே அதைப் படிக்கும் ஒரே பைத்தியம் தான்தான் என்று நாலு வருஷமாக நெஞ்சை நிமிர்த்தித் திரிந்தவன் அவன்.

“லோஜ்பனுங்களா?”

அந்தக் கண்கள் விரிந்தன பாருங்கள்... ஒண்டிப்புதூர் வருவதற்குள் ஆள் காலி.

பெயர் லோகப்பிரியாவாம். சின்னச் சின்ன வேர்ச்சொற்களை ஒட்டி, தினம் புழங்கும் சாமான்களுக்கெல்லாம் சொல் கட்டுகிறாளாம். ‘மிஸ்டு கால்’ மட்டும் கோடு போட்டு அடிக்கப்பட்டிருந்தது.

“இது ஏனுங்க?”

“எடுக்கக் கூடாதுன்னே கூப்பிடறதுன்னு அர்த்தம் வெச்சுக் கட்டி, அகராதித் தளத்துல போட்டேனுங்க. லோஜ்பன்ல வல்லூறுன்னு பேரு வெச்சுக்கிட்ட ஒருத்தரு மைனஸ் ஓட்டுப் போட்டு, ‘எடுக்கக் கூடாதென்று எவராவது அழைப்பார்களா? தர்க்கம் தெரியாதவர்கள் சொல் செய்ய வேண்டாம்’னு எழுதிப்போட்டாரு. எந்த நாட்டுக்காரரோ... அதுக்கப்பறம் ஆறு மாசமா நான் ஒண்ணுமே போடலீங்க. இன்னிக்குக் கணக்கையே அழிச்சுப்போடலாம்னு இருக்கறன்.”

சபரீஷுக்குக் காது சுட்டது. அந்த வல்லூறு பிறந்ததே சூலூரில்தான்! சோறு வெந்ததும் அதன் அம்மா தினமும் கொடுப்பது மிஸ்டு கால்தான். எடுத்தால் திட்டு விழும். அது தெரிந்தேதான் வெள்ளைக்காரன் மாதிரி தர்க்கம் பேசியிருந்தான். சொன்னால் இந்தக் கண்கள் திரும்பிக்கொள்ளும்... சொல்லாவிட்டால் இவள் இனி ஒரு சொல்கூடக் கட்டமாட்டாள்.

சிங்காநல்லூரில் அவள் இறங்கினாள். அவனும் பின்னாலேயே குதித்தான்.

“அந்த வல்லூறு... நான்தானுங்க.”

அவள் சிரிப்பு அணைந்தது.

“அப்பறமும் பக்கத்துல உக்காந்து, நெம்ப நல்லவராட்டம் சிரிச்சுக்கிட்டே வந்தீங்க?”

“உங்க சொல்லுதானுங்க சரி. தெரிஞ்சே... பெரிய மேதையாட்டம்...”

மழையில் நின்றபடியே போனை எடுத்து, நனைந்த கட்டைவிரலால் தட்டினான். மைனஸ் பிளஸ் ஆனது. கீழே எழுதினான்: ‘நான் சூலூர் சபரீஷ். இந்தச் சொல் சரி. திமிரில் எழுதியது என் தவறு.’ உலகத்து லோஜ்பன்காரர்கள் எல்லாரும் படிக்கட்டும்!

அவள் எட்டிப் படித்தாள்.

“எழுதியாச்சல்லங்க... இன்னும் ஏன் நிக்கறீங்க?”

“உங்கள... புடிச்சுப்போச்சுங்க.” தலை நிமிரவே இல்லை.

“வெக்கமா இருக்குதுங்களா?”

“நெம்பங்க.”

“கணக்க அழிக்கலீங்க. இன்னும் நாப்பது சொல்லு கெடக்குது. ஞாயித்துக்கிழம ஆர்.எஸ்.புரத்துல காப்பி வாங்கிக் குடுத்து, ஒவ்வொண்ணாக் கேளுங்க. எனக்கும்... புடிச்சுத்தான் இருக்குது.” இரண்டடி நடந்தவள் திரும்பினாள். “ஆனா அதுவரைக்கும் இப்படியே வெக்கப்பட்டுக்கிட்டு இருக்கோணும், பாத்துக்கங்க!”