பொட்டு வைத்த பம்ப்

பழைய செய்தித்தாளை விரித்து, அதன்மேல் அதைக் கிடத்தியிருந்தார்கள். எண்ணெய்ப் பிசுக்கும் கருத்த குழாய் முனைகளுமாக ஒரு டீசல் பம்ப். கார் என்ஜினுக்கு அதுதான் இதயம் என்று சொன்னார்கள். அந்த இதயம் நின்று ஐந்து நாள் ஆகிவிட்டது.

சனிக்கிழமை, காலை பத்தரை மணி. அறந்தாங்கியில் செம்மலின் கார் பட்டறை. இளமதி பிளாஸ்டிக் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தாள். ஏதோ தப்பு செய்துவிட்டு விசாரணைக்கு வந்தவள்போல அங்கே இருந்த ஒவ்வொருவரும் தன்னைப் பார்ப்பதாக அவளுக்குத் தோன்றியது.

தோன்றியது மட்டுமல்ல, நிஜமும் அதுதான். "பம்பில் இருக்கும் எண்ணும் உங்கள் காருக்குரிய எண்ணும் வேறு. பழைய பம்பை மாட்டிவிட்டு எங்களிடம் புதியதைக் கேட்கிறீர்கள்" என்று நெடுவழி வாரண்டி நிறுவனம் நேற்று சொல்லிவிட்டது. இன்று அவர்களுடைய சர்வேயர் வந்து பார்ப்பார். அவரும் அதையே சொன்னால் மாலையில் போலீசில் மோசடிப் புகார்.

அந்த நிறுவனத்தைத் தேர்ந்தெடுத்ததே இளமதிதான். கணவன் ஆத்மநாதன் கத்தாரில் இருந்தான். கார் வாங்கியபோது வந்த வாரண்டி முடிந்ததும், "கெட்டுப்போனா பாத்துக்கலாம், எதுக்கு வீண் செலவு" என்றான். அவள் விடவில்லை. மூன்று நிறுவனங்களை விசாரித்தாள். ஒன்று மலிவு, ஆனால் என்ஜினும் கியர் பாக்சும் மட்டும். இன்னொன்றில் எல்லாம் உண்டு, விலையைக் கேட்டால் தலை சுற்றும். நெடுவழி நடுவில் இருந்தது. பம்ப், ஏசி, ஸ்டியரிங் எல்லாம் சேரும். ஓடித் தேய்கிற ஃபில்டர், பெல்ட், பிரேக் கட்டை சேராது. அவர்கள் சொல்லும் பட்டறையில்தான் வேலை பார்க்க வேண்டும், செம்மலின் பட்டறை அதில் ஒன்று. வெளியாள் கை வைத்தால் வாரண்டி செல்லாது.

அந்தக் கடைசி நிபந்தனைதான் இப்போது கழுத்தைப் பிடித்திருந்தது. அவளுடைய தம்பி எழிலரசன் கார் மெக்கானிக்.

"ஒன் தம்பி கை வைக்காம அந்த பானெட் தானாத் தொறந்துச்சா?" என்று நேற்று இரவு போனில் கேட்டான் ஆத்மநாதன். "அவன் அப்படிப்பட்டவன் இல்ல" என்று அவள் உடனே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்பதைத்தான் விடிய விடிய யோசித்துக்கொண்டு கிடந்தாள்.

எழிலரசன் பட்டறை வாசலில் நின்றான். உள்ளே வரவில்லை. அக்காவைப் பார்க்கவும் இல்லை.

சர்வேயர் என்றதும் யாரோ ஒரு முரட்டு ஆள் வருவார் என்று இளமதி நினைத்திருந்தாள். வந்தது ஒரு பெண். பருத்திப் புடவை, தோளில் ஜோல்னாப் பை, முகத்தில் பஸ் பயணத்தின் புழுதி. பெயர் அன்புமொழி. பெயரில் இருந்த அன்பு பார்வையில் இல்லை.

"சர்வேயரா? எந்த நெலத்தம்மா அளக்கப் போறீங்க?" என்றார் மூலையில் உட்கார்ந்திருந்த ஒருவர். மணமேல்குடியில் மீன் வியாபாரம் செய்யும் பிச்சை. வாட்டர் வாஷுக்கு வந்த தன் சாம்பல் நிறக் காரைத் துடைத்து முடிக்கக் காத்திருந்தார். இளமதியின் கார் மாதிரியேதான் அதுவும், நிறம் மட்டும் வேறு.

"நெலம் இல்லைங்கய்யா. பொய் எவ்வளவு நீளம்னு அளக்க வந்திருக்கேன்" என்றாள் அன்புமொழி. பிச்சை சிரித்தார். மற்ற யாரும் சிரிக்கவில்லை.

அவள் செம்மலின் பக்கம் திரும்பினாள். "சொல்லுங்க. வண்டி எப்ப வந்துச்சு?"

"திங்கக்கெழம மேடம். கட்டி இழுத்துட்டு வந்தாங்க. ஸ்டார்ட் ஆகல."

"பானெட்டை யாரு தொறந்தது?"

"நான்தான். தொறந்ததும் மொதல்ல கண்ணுல பட்டதே இந்தப் பொட்டுதான்."

செம்மல் பம்பைப் புரட்டிக் காட்டினார். அதன் ஒரு பக்கத்தில் காய்ந்த சந்தனம். நடுவில் வட்டமாகக் குங்குமம், நெற்றியில் வைத்ததுபோல் கலையாமல் இருந்தது.

"ஆயுத பூசைக்கு வச்ச பொட்டு மேடம். அப்படின்னா புரட்டாசியிலயே இந்தப் பம்ப் அந்த வண்டியில இருந்திருக்கு. இப்ப மாசி. வண்டி எங்கிட்ட வந்ததே இந்த வாரந்தான். மாத்துனது நானா இருக்க முடியுமா? நீங்களே சொல்லுங்க."

சொல்ல என்ன இருக்கிறது? கணக்கு நேராக இருந்தது.

"நீங்க பூசை கும்பிட்டீங்களாம்மா?" என்று அன்புமொழி அவளைக் கேட்டாள்.

"கும்பிட்டோம். ஸ்டியரிங், பானெட், நாலு டயர். எல்லாத்துக்கும் பொட்டு வச்சேன்."

"என்ஜினுக்கு?"

"நான் பானெட்டைத் தொறக்கலைங்க."

"அப்ப இது யாரு வச்சது?"

எல்லார் கண்ணும் வாசல் பக்கம் போயிற்று.

"நான் வைக்கல" என்றான் எழிலரசன்.

"அந்த மாசம் வண்டியைத் தொட்டீங்களா?"

"ஆயில் மாத்துனேன். அப்ப இந்த வாரண்டி எடுக்கல."

"பம்ப்?"

"தொடல."

"தொடலையாம்" என்று சிரித்தார் செம்மல். "தொழில்ல ஒரு பக்தி வேணும் தம்பி. எங்க பட்டறையில ஆயுத பூசைன்னா ஒரு ஸ்பேனர் பாக்கி இருக்காது. மேடமே பாக்கட்டும்."

உண்மைதான். ஜாக்கியிலிருந்து சுவர்க் கடிகாரம் வரை, அலமாரியில் அடுக்கிய பழைய சாமான்கள் உட்பட எல்லாவற்றிலும் சந்தனம் காய்ந்து ஒட்டியிருந்தது. அன்புமொழி அலமாரியின் முன்னால் சற்று நேரம் நின்றாள்.

"நம்ம அண்ணன் சுத்தமான ஆளு" என்று இடையில் புகுந்தார் பிச்சை. "வியாழக்கெழமதான் எனக்குப் புது பம்ப் போட்டுக் குடுத்தாரு. வண்டி இப்ப குதிரையாட்டம் ஓடுது."

"அப்படியா? நல்லதுங்க" என்றாள் அன்புமொழி. பிறகு எழிலரசனைப் பார்த்து, "ஒங்க பட்டறை எங்கிட்டு இருக்கு?" என்றாள்.

இரண்டு தெரு தள்ளித்தான் இருந்தது. நடக்கும்போது அன்புமொழி இளமதியைக் கேட்டாள்: "வண்டி நிக்கிறதுக்கு முன்னாடி என்ன பண்ணுச்சு?"

"ஞாயித்துக்கெழம திருவரங்குளம் கோயிலுக்குப் போயிட்டு வந்தோம். வழியில டீசல் தீந்துபோச்சு. ஒரு பெட்டிக்கடையில கேன்ல வாங்கி ஊத்துனேன். மறுநாள் வண்டி இடிச்சு இடிச்சு நின்னுருச்சு. தம்பிக்குப் போன் பண்ணேன்."

"என்ன சொன்னாரு?"

"மொதல்ல டீசல் ஃபில்டரைப் பாக்கச் சொல்லு, நான் தொட்டா வாரண்டி போயிரும்னு சொன்னான். வரவே இல்ல." சொல்லும்போதே அவளுக்கு உறைத்தது. அன்றைக்கு வராதவனைத்தான் தான் சந்தேகப்படுகிறோம்.

எழிலரசனின் பட்டறை தகரக் கூரையும் ஒரே அறையுமாகச் சின்னதாக இருந்தது. சுவரில் அப்பாவின் படம், அதன் முன்னால் காமாட்சி விளக்கு. அன்புமொழி ஸ்பேனர்களை ஒவ்வொன்றாக எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். காற்றுப் பம்பின் பின்னால்கூடக் குனிந்து பார்த்தாள். என்ன தேடுகிறாள் என்று இளமதிக்குப் புரியவில்லை. தம்பியைக் குற்றவாளியாக்க ஏதாவது கிடைக்குமா என்று தேடுகிறாளோ?

"அப்பா எப்பத் தவறுனாங்க?"

"ஆடியில" என்றான் எழிலரசன்.

"ம்" என்றாள் அன்புமொழி. "போவோம் வாங்க. பிச்சை ஐயா கெளம்புறதுக்குள்ள போகணும்."

அவர்கள் திரும்பியபோது பிச்சை காரில் ஏறிக்கொண்டிருந்தார்.

"ஐயா, ஒரு நிமிஷம். பானெட்டைக் கொஞ்சம் தொறங்களேன்." தன் பையிலிருந்து ஒரு குங்குமப் பொட்டலத்தை எடுத்தாள் அன்புமொழி. "செம்மல் சார், நீங்க வாங்க. ரெண்டு வண்டியும் ஒரே மாதிரி. இந்த வண்டிப் பம்புக்கு ஒரு பொட்டு வைங்க. அந்தப் பம்புல எந்தப் பக்கம் இருக்கோ, அதே பக்கம்."

"எதுக்கு மேடம்?"

"சும்மா வைங்க. பக்தி வேணும்னு நீங்கதானே சொன்னீங்க."

செம்மல் குங்குமத்தைத் தொட்டுக்கொண்டு என்ஜின்மேல் குனிந்தார். பம்பின் வெளிப்பக்கம் கைக்கு எட்டியது. பொட்டு இருந்த பின்பக்கமோ என்ஜினை ஒட்டி உள்முகமாகத் திரும்பியிருந்தது. இடையில் ஒரு காகிதக் கத்தை நுழையலாம், கை நுழையாது. செம்மல் விரலை வளைத்துப் பார்த்தார். மணிக்கட்டை முறுக்கிப் பார்த்தார். குங்குமம் முழுக்கக் குழாயில் ஈஷிக்கொண்டது.

"அட, பம்பைக் கழட்டித் தரையில வச்சாத்தான் அங்க பொட்டு வைக்க முடியும் போலருக்கே" என்றார் பிச்சை, சாதாரணமாக.

சொன்ன பிறகுதான், தான் என்ன சொன்னோம் என்பது அவருக்கே உறைத்தது. பட்டறையில் ஸ்பேனர் சத்தம் நின்றது.

"அதேதான் ஐயா" என்றாள் அன்புமொழி. "ஆயுத பூசை அன்னிக்கு அந்தப் பம்ப் எந்த வண்டியிலயும் இல்ல. கழட்டி வெளியில கெடந்துச்சு. அதுக்கப்புறமும் வண்டியில ஏறல. ஏறி அஞ்சு மாசம் ஓடியிருந்தா அந்தச் சூட்டுக்கும் டீசலுக்கும் பொட்டு கருகி உதுந்திருக்கும். இதுவோ நேத்து வச்சது மாதிரி இருக்கு. அப்புறம் பானெட்டைத் தொறந்ததும் இந்தப் பொட்டு எப்படிங்க ஒங்க கண்ணுல பட்டுச்சு? அந்தப் பக்கந்தான் தெரியவே தெரியாதே."

செம்மல் குங்குமக் கையைத் துடைத்துக்கொண்டார். "வெளியில கெடந்ததுன்னே வச்சுக்குவோம். இந்தத் தம்பி பட்டறையில கெடந்திருக்கலாமே? அவனும் மெக்கானிக்குதானே!"

"அதைப் பாக்கத்தான் போனேன். இவரு அப்பா ஆடியில காலமானாரு. வருசம் திரும்புற வரைக்கும் அந்த வீட்டுல பண்டிகை கெடையாது, பூசை கெடையாது. அங்க ஒரு திருப்புளியில கூடச் சந்தனம் ஒட்டல. ஆனா ஒங்க பட்டறையில? அலமாரியில கெடக்குற செத்த சாமானுக்குக்கூடப் பொட்டு. ஒண்ணையும் விடாம வச்சதுதான் ஒங்களைக் காட்டிக் குடுத்துருச்சு."

இளமதி தம்பியைத் திரும்பிப் பார்த்தாள். அப்பா செத்து வருடம் திரும்பவில்லை. அது அவளுக்குத் தெரியாதா? புகுந்த வீட்டில் சுண்டலும் பொரியும் வைத்து அவள் பூசை கும்பிட்ட அன்று, தம்பி பட்டறைக் கதவைக்கூடத் திறக்கவில்லை. அந்தப் பொட்டைப் பார்த்ததும் 'இவன்தான் வச்சிருப்பான்' என்று நினைத்தாளே, கூடப் பிறந்தவளுக்குத் தெரிய வேண்டியது எங்கிருந்தோ வந்த ஒருத்தியின் கண்ணில் அல்லவா பட்டிருக்கிறது!

அன்புமொழி விடவில்லை. பையிலிருந்து காம்பு வைத்த சின்னக் கண்ணாடியையும் டார்ச்சையும் எடுத்து, பிச்சையின் என்ஜினுக்குள் நுழைத்தாள். "ஐயா வண்டி என்ஜின் முழுக்க உப்புக் காத்துல துரு. பம்ப் போல்ட்டு மட்டும் பளபளன்னு இருக்கு. இளமதி, ஒங்க வண்டிப் பம்போட நம்பரைக் கம்பெனி ஒங்களுக்கு அனுப்பியிருப்பாங்க. கடைசி நாலு எண் சொல்லுங்க."

"நாப்பத்தேழு முப்பத்தொண்ணு."

அன்புமொழி கண்ணாடியை இளமதியிடம் திருப்பினாள். அதில் அதே எண் இடவலம் மாறித் தெரிந்தது.

பிச்சை துள்ளிக் குதித்தார். "யோவ்! புதுசுன்னுதானேய்யா காசு வாங்குன? அந்தம்மா வண்டியிலேர்ந்து உருவி என் வண்டியில சொருகிப்புட்டியா? அழுகுன மீனை ஐஸ் போட்டு விக்கிறவன்கூட ஒன்னைப் பாத்தா வெக்கப்படுவான்!"

செம்மல் நாற்காலியில் சரிந்தார்.

"இவங்க வண்டிக்கு ஒரு நோயும் இல்ல" என்றாள் அன்புமொழி. "கேன் டீசல்ல இருந்த குப்பை ஃபில்டரை அடைச்சிருச்சு. இவங்க தம்பி போன்லயே சரியாத்தான் சொன்னாரு. ஆனா ஃபில்டர் வாரண்டியில சேராது, பம்ப் சேரும். அலமாரியில கெடந்த செத்த பம்பைப் போட்டோ எடுத்து அனுப்பினா, கம்பெனி புதுசு குடுக்கும். நல்ல பம்பை இன்னொருத்தர் தலையில கட்டலாம். எங்க ஆளுங்க எண்ணைச் சரிபார்க்க ஆரம்பிச்சது இந்த மாசந்தான், அது இவருக்குத் தெரியாது. மாட்டிக்கிட்டதும் பழியைத் தம்பி மேல தள்ளிட்டாரு. நம்பிருவாங்கன்னு தெரிஞ்சேதான் தள்ளியிருக்காரு."

அந்தக் கடைசி வாக்கியம் இளமதிக்குச் சுருக்கென்று தைத்தது.

புகார் போலீசுக்குப் போனது. ஆனால் அதில் இருந்த பெயர் வேறு. அன்புமொழி பஸ்ஸுக்குக் கிளம்பும்போது இளமதி தயங்கித் தயங்கிக் கேட்டாள்: "இந்த வாரண்டியை நான் எடுத்தது தப்புங்களா?"

அன்புமொழி முதல்முறையாகச் சிரித்தாள். "வெலை ஞாயந்தான். முக்கியமான சாமானெல்லாம் சேருது. ஓட்டை எங்கன்னா, நோய் என்னன்னு சொல்றதும், கழட்டுறதும், போட்டோ எடுத்து அனுப்புறதும் ஒரே ஆளு. அதைக் கம்பெனியில எழுதிக் குடுக்கப் போறேன். நீங்களும் அடுத்த தடவை கழட்டும்போது பக்கத்துல நில்லுங்க. எது சேரும், எது சேராதுன்னு அவ்வளவு விசாரிச்சீங்க. கை வைக்கப் போறவரு யாருன்னும் விசாரிச்சிருக்கணும்."

சாயங்காலம் ஆத்மநாதன் போன் செய்தான். முழுக்கக் கேட்டுவிட்டு, "எழிலுகிட்டப் போனைக் குடு" என்றான் மெதுவாக.

"நீங்க தனியாக் கூப்பிட்டுப் பேசுங்க. நான் மொதல்ல பேசணும்" என்று வைத்துவிட்டாள்.

எழிலரசன் தன் பட்டறையில், அவளுடைய பம்பைத் திரும்ப மாட்டிவிட்டு, காரின் ஃபில்டரை மாற்றிக்கொண்டிருந்தான். இனி அதைத் தொடலாம் என்று அன்புமொழி எழுதியே கொடுத்திருந்தாள். இளமதி பக்கத்தில் போய் நின்றாள். என்னென்னவோ சொல்ல நினைத்து வந்தவளுக்கு, "ஒன்னையே தப்பா நெனச்சுட்டேன்டா" என்பதற்குமேல் வரவில்லை.

"தெரியும்க்கா" என்றான் அவன், தலையைத் தூக்காமல். "நேத்து ராத்திரி மச்சான் எனக்கும் போன் பண்ணாரு. 'ஒங்கக்காவே ஒண்ணும் சொல்லல'ன்னாரு. அது மட்டுந்தான் வலிச்சுது."

அவள் புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பெட்டியிலிருந்த பெரிய ஸ்பேனரைக் கையில் எடுத்தாள். பொட்டில்லாத வெறும் இரும்பு.

"ஆடிக்கு வருசம் திரும்பிரும். வர்ற ஆயுத பூசைக்கு நான் இங்கதான் வருவேன். எல்லாத்துக்கும் மொதப் பொட்டு நான்தான் வைப்பேன்."

எழிலரசன் நிமிர்ந்தான். அன்று முழுவதும் அவன் முகத்தில் இல்லாத சிரிப்பு அப்போது வந்தது.

"வை. ஆனா பின்பக்கம் வைக்காத."