கை மாற்ற வந்தவர்

அன்றைக்கும் வழக்கம்போலப் பிற்பகலில்தான் தையல் மாஸ்டரின் வீட்டுக்குப் போனேன். தெருவின் கடைசி வீடு. பக்கத்து வீடுகள் பூட்டிக் கிடந்து பல காலம் ஆகிறது. கீழே மூடிப்போன தையற்கடை, மேலே அவர் குடியிருக்கும் இரண்டு அறைகள். நான் வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் நர்ஸ். அவர் காலில் இருந்த ஆறாத புண்ணுக்குக் கட்டு மாற்றிவிட்டு வருவது என் வேலை.

வெளியே வெயில் கொளுத்தினாலும் அந்தப் படிக்கட்டில் சுவரைத் தடவித்தான் ஏற வேண்டும். பழைய துணியும் மெஷின் எண்ணெயும் கலந்த வாசனை வரும். மேலே ஒரு மின்விசிறி கிறீச்சிட்டுக்கொண்டே சுற்றும். அதைத் தவிர அந்த வீட்டில் வேறு சத்தமே கிடையாது.

"சிஸ்டர், உங்க இடது கை கொஞ்சம் நீளமா தொங்குதே. யாரு தைச்சது?"

"ரெடிமேட், மாஸ்டர்."

"அதானே பாத்தேன்."

கட்டு மாற்ற அதிக நேரம் ஆகாது. ஆனால் மாஸ்டர் லேசில் விட மாட்டார். மகன் தூர தேசத்தில் இருக்கிறான். மனைவி இறந்து சில வருஷம் ஆகிறது, அதுவும் இதே அறையில், நெஞ்சு வலியில். கீழே மெஷின் ஓடிய சத்தத்தில் மேலே அந்த அம்மா விழுந்தது இவருக்குக் கேட்கவில்லையாம். அதோடு கடையை மூடிவிட்டார். இதை அவர் ஒவ்வொரு முறையும் புதிதாகச் சொல்வார், நானும் புதிதாகக் கேட்பேன். எனக்கும் வீட்டில் பேச்சுத் துணைக்கு ஆள் இல்லை. இருந்தால் நான் ஏன் அங்கே அவ்வளவு நேரம் உட்காரப் போகிறேன்.

பேசிக்கொண்டே இருந்தவர் பாதியில் நிறுத்தினார். மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்தும் முகமெல்லாம் வேர்த்திருந்தது.

"நெஞ்ச இறுக்கிப் பிடிக்குது. வாயுதான். பாத்ரூம் போயிட்டு வந்தா சரியாயிடும்."

"எந்திரிக்காதீங்க. தாடை வலிக்குதா? கை?"

"ரெண்டும்."

ஆம்புலன்ஸுக்கு போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன். அவரைத் தரையில் உட்காரவைத்து, முதுகைச் சுவரில் சாய்த்து, முட்டியை மடக்கிவிட்டேன். சட்டைப் பொத்தான்களைக் கழற்றினேன். ஆஸ்பிரின் ஒத்துக்கொள்ளுமா, வயிற்றில் புண் ஏதும் உண்டா என்று கேட்டேன். இல்லை என்றார். என் பையிலிருந்த மாத்திரையைக் கொடுத்து, விழுங்காமல் மெல்லச் சொன்னேன். கீழே ஓடித் தெருக்கதவை அகலத் திறந்து வைத்துவிட்டு மேலே வந்தேன். பாலத்தில் வேலை நடக்கிறது, சுற்றிக்கொண்டு வருகிறோம் என்று போனில் சொன்னார்கள்.

"தனியா விட்டுடாதீங்க சிஸ்டர்."

"நான் இங்கதான் இருக்கேன்."

அவர் தலை ஒரு பக்கமாகத் தொங்கியது. கூப்பிட்டேன், தோளைத் தட்டினேன். பதில் இல்லை. நடுநடுவே தொண்டையிலிருந்து ஒரு விக்கல் மட்டும் வந்தது. மூச்சு விடுகிறாரே என்று பலரும் ஏமாறுவது இந்த விக்கலில்தான். அது மூச்சே இல்லை.

இதயம் நின்றிருந்தது.

தரையில் மல்லாத்தினேன். நெஞ்சின் நடுவில் ஒரு உள்ளங்கை, அதன்மேல் இன்னொன்று. முழங்கையை மடக்காமல், வேகமாக, ஆழமாக அமுக்க ஆரம்பித்தேன். விலா எலும்பு ஒன்று முறிந்தது கைக்குத் தெரிந்தது. அதற்காகவெல்லாம் நிறுத்தக் கூடாது.

இந்த வேலைக்கு வரும் முன் நான் பல வருஷம் ஆம்புலன்ஸில் ஓடியவள். அங்கே எப்போதும் இரண்டு பேர். ஒருவர் அமுக்குவார், மற்றவர் எதிரில் முட்டி போட்டுத் தயாராக இருப்பார். களைத்தவர் "மாத்து" என்று சொல்லிக் கையை எடுப்பார், எடுத்த நொடியில் எதிரில் இருப்பவரின் கை அங்கே இருக்கும். இடைவெளி விழக் கூடாது. கையில் வாங்கியவர் அடுத்த "மாத்து" வரும்வரை, அல்லது போதும் என்று சொல்லும்வரை, நிறுத்தவும் கூடாது.

இங்கே நான் ஒருத்திதான். தோள் எரிந்தது, கண்ணில் வேர்வை இறங்கியது. வாசலில் வண்டிச் சத்தம் இல்லை. கைகள் துவண்டுபோய் அழுத்தம் குறைவது எனக்கே தெரிந்தது. அவர் போய்விடுவார் என்று பயமாக இருந்தது.

பழக்கதோஷம். வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"மாத்து."

சொன்னதும் கையையும் எடுத்துவிட்டேன். எடுத்த பிறகுதான் எதிரில் ஆளில்லை என்பது உறைத்தது.

மாஸ்டரின் நெஞ்சு உள்ளே இறங்கியது.

எழுந்தது.

மறுபடி இறங்கியது.

என் கைகள் என் மடியில் இருந்தன. அவருடைய பனியன் நடுவில் கசங்கிக் கசங்கி விரிந்தது. நான் அமுக்கியதைவிடச் சீராக, ஆழமாக யாரோ அமுக்கினார்கள். ஈரச் சுவரின் வாசனை வந்தது. எழுந்து ஓடிவிட வேண்டும் போலிருந்தது, ஆனால் மாஸ்டரை விட்டுவிட்டு எங்கே ஓடுவது? அவர் தலையைப் பின்னுக்குச் சாய்த்து மோவாயைத் தூக்கிப் பிடித்துக்கொண்டேன்.

படிக்கட்டில் காலடிகள் கேட்டன. எதை அவர்களுக்குக் காட்டுவது என்று தெரியாமல் என் கைகளைக் கொண்டுபோய் அவர் நெஞ்சின்மேல் வைத்தேன்.

என் கைக்கு அடியில் இன்னொரு கை இருந்தது.

ஆம்புலன்ஸ்காரர்கள் என்னை விலக்கிவிட்டு மின் அதிர்ச்சி கொடுத்தார்கள். இரண்டாம் தடவையில் நாடி வந்தது. ஸ்ட்ரெச்சரைத் தூக்கும்போது அவர்களில் ஒருவர் திரும்பிப் பார்த்தார்.

"நல்லா அமுக்கியிருக்கீங்க சிஸ்டர். தனியாவா?"

"ஆமா" என்றேன்.

சில நாள் கழித்து ஆஸ்பத்திரியில் பார்க்க அனுமதித்தார்கள். பிழைத்த மனிதரின் முகமாக இல்லை அது. கன்னம் ஒட்டி, கண் உள்ளே போயிருந்தது. தூக்கமே இல்லையாம். இங்கே வந்த பிறகு புதிதாக ஒரு விலா விரிசல் விட்டிருக்கிறது, எப்படியென்று டாக்டருக்கே புரியவில்லை, இப்படியே போனால் தாங்க மாட்டார் என்று வார்டு நர்ஸ் சொன்னாள். நான் நாற்காலியை இழுத்துப் போட்டதும் மாஸ்டர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"சிஸ்டர்," குரல் காற்றாக வந்தது. "யாரோ இன்னும் அமுக்கிட்டே இருக்காங்க."

போர்வையைப் பார்த்தேன். நடுவில் ஒரு பள்ளம் விழுந்தது. நிமிர்ந்தது. விழுந்தது.

"உங்க வீட்டம்மாவா இருக்குமோ?" என்றேன். அப்படி இருந்துவிட்டால் நல்லது என்று நினைத்தேன்.

"அவ கை அளவு எனக்குத் தெரியாதா? சின்னக் கை அவளுக்கு. இது வேற. இவ்வளவு பெரிய உடம்புக்கு நான் தைச்சதே இல்ல."

எனக்கு அப்போது விளங்கிவிட்டது. வேலையை அதன் கையில் கொடுத்தவள் நான். போதும் என்று அதனிடம் யாரும் சொல்லவில்லை.

"நிறுத்தச் சொல்லவா மாஸ்டர்?"

அவர் பிடியை இறுக்கினார். "அது நிறுத்தினா என் உசுரும் நின்னுட்டா?"

அவர் விலாவெல்லாம் நொறுங்கிச் சாவதா, இந்த நொடியே சாவதா என்பதை நான் எப்படிச் சொல்ல முடியும்?

"நான் இங்கதான் இருக்கேன்" என்றேன். அன்றைக்கும் அதைத்தான் சொன்னேன். வேறு என்ன இருக்கிறது என்னிடம் கொடுக்க?

அவர் கண்ணை மூடித் தலையை அசைத்தார். போதும் என்று சொல்லப் பயமாக இருந்தது, வேலையை நானே திரும்ப வாங்கிக்கொள்ளலாம் என்று நினைத்தேன்; அதற்குத் தெரிந்ததும் அந்த ஒரு வார்த்தைதான். இரண்டு உள்ளங்கைகளையும் பள்ளத்தின்மேல் வைத்தேன்.

"மாத்து."

சில்லென்று ஏதோ என் கைக்கு அடியிலிருந்து நழுவிப் போனது. போர்வை அசையவில்லை. நான் கையை எடுக்காமல் காத்திருந்தேன். உள்ளேயிருந்து மெலிசாக, அவருடைய சொந்த இதயம், தட்டியது. பிறகு தட்டிக்கொண்டே இருந்தது. மாஸ்டர் ஆழமாக ஒரு மூச்சு இழுத்துவிட்டு, பல நாளைக்குப் பிறகு, குறட்டை விட்டுத் தூங்கினார். நான் யாரும் பார்க்கிறார்களா என்றுகூடக் கவலைப்படாமல் அழுதேன்.

என் அறைக்கு வந்தபோது உச்சிவெயில். கதவைத் தாழ் போட்டு, திரையை இழுத்துவிட்டு, உடை மாற்றாமல் கட்டிலில் விழுந்தேன்.

கண் அசரும் நேரம், பக்கத்தில் யாரோ மூச்சு வாங்குவது கேட்டது.

நெடுநேரம் பாரமான வேலை செய்த ஆளின் மூச்சு அது. தரையில், கட்டிலை ஒட்டி, முட்டி போட்டால் தலை வரும் உயரத்திலிருந்து வந்தது.

ஜோடியாக வேலை செய்தவள்தானே நான்? இது எனக்கு அங்கேயே நினைவுக்கு வந்திருக்க வேண்டும். கை மாற்றிக் கொடுத்தவர் எழுந்து போய்விட மாட்டார். எதிரிலேயே இருந்து இளைப்பாறுவார். தன் முறைக்குக் காத்திருப்பார்.

நான் திரும்பிப் பார்க்கவில்லை. பழக்கதோஷத்தில் அந்த வார்த்தை வந்துவிடாமல் வாயைக் கையால் பொத்திக்கொண்டேன்.

இரைப்பு மெல்ல மெல்லக் குறைந்தது. பிறகு அறவே நின்றது.

களைப்பு தீர்ந்துவிட்டது.

என் நெஞ்சின் நடுவில், இடம் பிசகாமல், பெரிய உள்ளங்கை ஒன்று வந்து படிந்தது. அமுக்கவில்லை. சும்மா வைத்துக்கொண்டிருந்தது.