ஹோல்ட்வால் என்ற பெயர்

தேநீர் உப்புக் கரித்தது. குழாய்த் தண்ணீரில் போட்ட தேநீர்தான். தெர்ஸா ஹோல்ட்வால் ஒரு வாய் குடித்துவிட்டு மிச்சத்தைக் கொட்டினாள். வெளியே ஜனவரி அந்தி இறங்கிக்கொண்டிருந்தது. வயலுக்கும் கடலுக்கும் நடுவே நிற்கும் மண்கரையிலிருந்து அழுகிய பாசி நாற்றம் வீச, கூடவே யாரோ ஈரத்துணியை மெல்லப் பிழிவது போன்ற சத்தம் காலையிலிருந்தே விடாமல் கேட்டது.

பக்கத்து வீட்டு கிளெமெண்ட் பாஸ்க் கதவைத் தட்டிவிட்டு உள்ளே வந்தார். கரையைப் பராமரிக்கும் ஊர்க்குழுவின் தலைவர். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார், சாவு வீட்டுக்கு வந்தவர் மாதிரி.

"கரை கசியுது தெர்ஸா."

"மண்ணைப் போட்டு அடைங்க. என்கிட்ட எதுக்கு வந்தீங்க?"

"மண்ணு நிக்கல. உங்க அப்பா காலத்துலயும் நிக்கல."

அப்பாவை அலை அடித்துக்கொண்டு போனது என்றுதான் சொல்லியிருந்தார்கள். உடல் கிடைக்கவேயில்லை.

"ஹோல்ட்வால்னா கரையைக் காத்தவங்கன்னு நீங்கதானே சொன்னீங்க?"

கிளெமெண்ட் தரையைப் பார்த்தார். "அந்தக் காலத்துல ஒருத்தனை உடைப்புக்குள்ள உயிரோட வச்சு மூடினாங்க. அப்புறம்தான் கரை நின்னுச்சு. அடுத்த தடவை யாரைக் கூப்பிடணும்னு ஊருக்குத் தெரியணுமே? அதுக்காக அவன் பிள்ளைங்களுக்கு இந்தப் பேரை வச்சாங்க."

இந்த ஊரில் ஹோல்ட்வால் பெண்ணைக் கட்டுகிறவன்தான் தன் குடும்பப் பெயரை விட்டு அவள் பெயருக்கு மாற வேண்டும். அதை மரியாதை என்று நம்பி இத்தனை காலம் தலைநிமிர்ந்து நடந்திருக்கிறாள். நாடு முழுக்கத் தேடினாலும் இன்று அந்தப் பெயரில் அவள் ஒருத்திதான் மிச்சம். சண்டாளப் பாவிகள்! ஆட்டுக்கு மை தடவி அடையாளம் வைப்பதைப் போல வைத்திருக்கிறார்கள்.

"குழந்தைகுட்டிங்க இருக்கற ஊரும்மா."

"கார்ல ஏத்திக்கிட்டு மேட்டுக்குப் போங்களேன்!"

"வயலெல்லாம் போயிடுமே..."

"ஓகோ, வயலுக்காகவா நான் சாகணும்?"

வாசலில் மண்வெட்டிகளோடு ஆட்கள் நின்றார்கள். தெர்ஸா யாரையும் தொடவிடவில்லை. முன்னால் நடந்தாள்.

கரையில் ஆள் உயரத்துக்குக் குழி வெட்டியிருந்தது. பிழியும் சத்தம் இப்போது பேச்சானது. பல தொண்டைகள். ஒரே பெயர். தெர்ஸா. தெர்ஸா. அதில் ஒன்று அப்பாவின் குரல்.

"இறங்கும்மா," என்றார் கிளெமெண்ட்.

"மாட்டேன்." ஈர மண்ணில் உள்ளங்கையை அழுத்தினாள். உள்ளிருந்து ஏதோ பதிலுக்கு அழுத்தியது. "அப்பா! எல்லாரும் கேளுங்க. இவங்களுக்காகத் தாங்கினது போதும். விட்டுடுங்க. வெளிய வாங்க!"

"ஐயையோ, என்ன பண்ற நீ!" என்று கத்தினார் கிளெமெண்ட்.

சத்தம் நின்றது. காற்றும் நின்றது.

மண் பிளந்தது. ஒரு கை. பத்துக் கைகள். மண் அடைத்த வாய்கள். மண்வெட்டிகள் கீழே விழுந்தன. ஆட்கள் ஓடினார்கள்.

அவள் ஓடவில்லை.

கரை நெடுக அவர்கள் எழுந்து வந்தார்கள். ஆணும் பெண்ணும். ஊரைப் பார்த்து நின்றார்கள். அவர்கள் விட்டு வந்த ஒவ்வொரு பள்ளத்திலும், ஆள் உயரத்துக்கு, கறுப்பாகக் கடல் நின்றுகொண்டிருந்தது.