மூடக்கூடாத வளையம்

பெரியவரை அடக்கம் செய்துவிட்டு நான்கு பேரும் வீடு திரும்பியபோது மாலை ஐந்து மணியிருக்கும். மழை அப்போதுதான் விட்டிருந்தது. மகன் கதவைத் திறந்தான். அவனுடைய அக்கா செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு நேரே அடுப்படிக்குப் போனாள். பேத்தி குருவிக்குப் பத்து வயது. பசிக்கிறது என்று சொல்லலாமா கூடாதா என்று எல்லார் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தது அந்தப் பிள்ளை. கடைசியாக உள்ளே வந்த மருமகள் மட்டும் முன்னறையைத் தாண்டவில்லை.

முன்னறைதான் பட்டறை. நாற்பது வருடமாக அங்கே ஜெபமாலை செய்யும் வேலை நடக்கிறது. எல்லாமே இயேசுவின் வளர்ப்புத் தந்தை சூசையப்பரின் மாலைகள். கருங்காலி மணியில் கம்பியை நுழைத்து, முனையை வளைத்து, அடுத்த மணியோடு கோத்து, வளையத்தை மூட வேண்டும். சரங்கள் கூடும் இடத்தில் சூசையப்பரின் சுரூபம் தொங்கும். ஒரு கையில் குழந்தை, மறு கையில் லீலிப்பூ. நல்ல சாவுக்குப் பாதுகாவலர் அவர்தான் என்பதால் நோயாளிகளுக்கு வாங்கிப் போவார்கள். இறந்தவர் கையில் சுற்றிப் பெட்டியில் வைக்கவும் வாங்கிப் போவார்கள்.

பெட்டிக்குப் போகும் மாலைக்கு மட்டும் பெரியவர் ஒரு விதி வைத்திருந்தார். சுரூபத்துக்குக் கீழே வரும் வளையத்தை மூடக்கூடாது.

"போறவன் கைய விட்டுட்டுப் போகணும்மா. சங்கிலிய முழுசா குடுத்தா பிடிச்சு இழுத்துக்கிட்டே இருப்பான்" என்பார். சிரித்துக்கொண்டுதான் சொல்வார். ஆனால் பூதக்கண்ணாடி வைத்து ஒவ்வொரு மாலையையும் தானே பார்த்துவிட்டுத்தான் அனுப்புவார்.

அந்த வேலைக்கென்று தனியாக ஒரு ஊசி உண்டு. கம்பியை வளைக்கும்போது அதை நடுவில் கொடுத்து வளைத்தால் ஒரு முடி நுழையும் அளவுக்கு இடைவெளி நிற்கும். துருப்பிடிக்காமலிருக்க அதை ஒரு மெழுகுக் கட்டிக்குள் புதைத்து வைத்திருந்தார். எடுக்க வேண்டுமானால் மெழுகை உடைத்துத்தான் எடுக்க வேண்டும்.

மருமகள் மேசையைப் பார்த்தாள். மெழுகு உடையாமல் அப்படியே இருந்தது.

முந்தின நாள் விடியற்காலையில் பெரியவர் இறந்ததும் அவருக்கான மாலையை அழுதுகொண்டே செய்தவள் அவள்தான். கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை. கை தன்பாட்டுக்கு வேலை செய்தது. அவள் கையோ லேசுப்பட்ட கையல்ல. அவள் மூடிய வளையத்தில் இணைப்பு எங்கே இருக்கிறதென்று யாருக்கும் தெரியாது. "கண்டுபிடிங்க பாப்போம்" என்று வாங்க வருகிறவர்களிடம் பூதக்கண்ணாடியை நீட்டிப் பெருமையடித்துக்கொள்வார் பெரியவர்.

கோயிலில் பெட்டியை மூடப்போகும் நேரத்தில் நாத்தனார் அவள் காதருகே குனிந்து, "வளையத்த மூடாம விட்டியா?" என்று கேட்டிருந்தாள். அவளுக்கு ஞாபகமில்லை. ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. மூடியைப் பிடித்தபடி இரண்டு பேர் நின்றார்கள். பெட்டியை மறுபடி திறக்கச் சொல்லி, செத்தவர் கையைப் பிரித்து மாலையை எடுத்துப் பார்க்க யாருக்குத்தான் தைரியம் வரும்?

"விட்டேன் அண்ணி" என்று சொல்லிவிட்டாள்.

அன்று மாலை ஏழு மணிக்கு எல்லாரும் வழக்கம்போல நடுக்கூடத்தில் உட்கார்ந்தார்கள். அந்த வீட்டில் ஜெபமாலை சொல்லாத நாளே கிடையாது. ஒரு பத்து என்றால் பத்து மணி, மணிக்கொரு 'அருள் நிறைந்த மரியே'. ஐந்து பேர், ஐந்து பத்து. வயது வரிசையில் ஆளுக்கொரு பத்து. ஒருவர் முன்பாதியைச் சொல்ல மற்றவர்கள் பின்பாதியைச் சொல்லி முடிப்பார்கள். முதல் பத்து பெரியவருடையது. அவர் இழுக்கிற இழுப்பில் சோறு ஆறிப்போகும். அதைச் சரிக்கட்ட நாத்தனார் தன் பத்தை ஒரே ஓட்டமாக ஓட்டுவாள். மூன்றாவது பத்து மருமகளின் கணவனுக்கு, கொட்டாவிக்கு நடுவே சொல்வான். நாலாவது மருமகளுக்கு. கடைசிப் பத்து குருவிக்கு.

முதல் பத்தை இனி யார் சொல்வது? கூடத்தில் ஈர மண் வாசனை அடித்தது. வெளியே மழை பெய்திருக்கிறது, அதனால்தான் என்று மருமகள் நினைத்துக்கொண்டாள்.

அப்போது பட்டறையிலிருந்து ஒரு சத்தம் வந்தது.

டக்.

விரலால் தள்ளிவிட்ட மணி முன்னால் இருக்கும் மணியோடு போய் இடிக்கும் சத்தம். நாள் முழுக்க அந்தச் சத்தத்தோடு வாழ்கிறவளுக்கு வேறெதுவும் தோன்ற வழியில்லை. வெகுநேரம் கழித்து இன்னொன்று. பிறகு இன்னொன்று. அந்த இழுப்பை அவளுக்கு நன்றாகத் தெரியும்.

பத்து முறை கேட்டது. பிறகு நின்றது.

"அருள் நிறைந்த மரியே..." என்று நாத்தனார் தொடங்கினாள்.

"என்னக்கா, முதல் பத்து யாரும் சொல்லலையே" என்றான் தம்பி.

"அப்பா முடிச்சிட்டாருல்ல" என்றாள் அவள் சாதாரணமாக. பிறகு தான் சொன்னது தனக்கே புரியாதவள்போலக் கண்ணைக் கொட்டினாள். ஆனாலும் நிறுத்தவில்லை. பத்தையும் சொல்லி முடித்தாள்.

மறுநாள் காலை துவைத்த துண்டுகளை மடித்துக்கொண்டிருந்தவள் நாற்காலியிலேயே இறந்துபோனாள். ஒரு தலைவலிகூட இல்லை. இதயம் நின்றுவிட்டது என்றார் டாக்டர். அப்பாவைப் பிரிந்த ஏக்கம் என்றார்கள் வந்தவர்கள். நாத்தனாரின் மாலைக்கு மெழுகை உடைத்து ஊசியை எடுத்து, வளையத்தை மூடாமல் விட்டு, மூன்று முறை பார்த்துவிட்டுத்தான் கொடுத்தாள் மருமகள். என்ன பிரயோஜனம்? பிடித்து இழுப்பவர் அவளில்லையே.

அவளை அடக்கம் செய்த அன்று மாலை ஏழு மணிக்குப் பட்டறையில் மறுபடி சத்தம் கேட்டது. முதலில் இழுத்து இழுத்துப் பத்து. கொஞ்சம் இடைவெளி. அப்புறம் கடகடவென்று ஒரே ஓட்டமாக இன்னொரு பத்து.

பிறகு அமைதி. அடுத்த ஆளுக்காகக் காத்திருக்கும் அமைதி.

கணவன் தொண்டையைச் செருமினான். மருமகள் பாய்ந்து போய் அவன் வாயைப் பொத்தினாள். அன்றிரவு எல்லாவற்றையும் அவனிடம் கொட்டிவிட்டாள்: ஊசி, மெழுகு, கோயிலில் சொன்ன பொய். அவன் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவளுக்கு.

"எனக்கும் சத்தம் கேக்குது. கேட்டா நாக்கு தானா வருது. என்னால நிறுத்த முடியுமான்னு தெரியல" என்றான்.

மறுநாள் அவள் பங்குச் சாமியாரிடம் ஓடினாள்.

"ஃபாதர், கல்லறைய ஒரே ஒரு தடவ திறக்கணும். ஒரு வளையம்தான். நானே குறட வச்சு விரிச்சிட்டு மூடிடுறேன்."

அவர் நல்ல மனிதர். அவளை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார்.

"புதைச்சு ஒரு வாரம்கூட ஆகலம்மா. கோர்ட்டு உத்தரவு இல்லாம அந்த மண்ண யாரும் தொட முடியாது. வளையம் மூடியிருக்குன்னு கோர்ட்டுல போய்ச் சொல்லவா முடியும்?"

"அப்ப நான் என்ன பண்ண?"

"ஜெபம் பண்ணும்மா" என்றார் அவர். அந்த வீட்டில் அதைத்தான் பண்ணக்கூடாது என்று அவரிடம் எப்படிச் சொல்வது?

அவள் சும்மா இருக்கவில்லை. பெரியவருக்குச் செய்ததைப் போலவே, அதே கருங்காலியில், அதே கம்பியில் இன்னொரு மாலை செய்தாள். ஊசியைக் கொடுத்து வளையத்தைத் திறந்தபடி விட்டாள். அதைக் கொண்டுபோய்க் கல்லறை மேல் வைத்து, "மாமா, என் தப்புதான். இத வச்சிக்குங்க, அத விட்டுடுங்க" என்று மண்ணில் தலை முட்ட அழுதாள்.

மறுநாள் காலை அந்த மாலை பட்டறை மேசையில் கிடந்தது. மணிகளில் ஈர மண் ஒட்டியிருந்தது. அவள் பூதக்கண்ணாடியை எடுத்துச் சுரூபத்துக்குக் கீழே பார்த்தாள்.

அவள் திறந்து விட்டிருந்த வளையம் மூடியிருந்தது.

இணைப்பு எங்கே என்று தெரியவில்லை. அது அவள் கைவேலையேதான்.

அன்றே வீட்டைப் பூட்டிக்கொண்டு பேருந்தில் மூன்று மணி நேரப் பயணத்தில் ஒரு விடுதிக்குப் போனார்கள். ஏழு மணிக்கு அடுத்த அறையிலிருந்து சத்தம் வந்தது. அடுத்த அறையில் ஆளே இல்லை என்றார் விடுதிக்காரர். கணவன் நாலு நாள் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தான். ஐந்தாம் நாள் காய்ச்சல் அனலாய்க் கொதித்தது. ஆஸ்பத்திரியில் சேர்த்து ஆக்சிஜன் வைத்தார்கள். ஏழு மணிக்கு வார்டில் பத்துப் படுக்கை நோயாளிகளுக்கு நடுவே, நர்சு மருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு போகிற சத்தத்துக்கு நடுவே, இருபது முறை மணி இடித்தது. அவளைத் தவிர யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

கணவன் முகமூடியைக் கையால் விலக்கினான்.

"வேணாங்க. நம்ம குருவிக்காக. வேணாங்க."

"மன்னிச்சிக்கம்மா" என்றான். பிறகு தெளிவான குரலில், ஒரு கொட்டாவிகூட இல்லாமல், பத்தையும் சொல்லி முடித்தான். விடிவதற்குள் போய்விட்டான்.

இனி அவள் முறை. தன் உயிரைப் பற்றி அவளுக்குக் கவலையில்லை. புருஷன் போன பிறகு அது இருந்தென்ன, போயென்ன. ஆனால் அவளுக்கு அடுத்தவள் குருவி. தான் வாயைத் திறந்தால் அடுத்த நாள் வரிசை பிள்ளையிடம் வந்து நிற்கும். ஆகவே திறக்கக்கூடாது. நாளைக்கும் கூடாது, நாளை மறுநாளும் கூடாது, குருவி கிழவியாகிற வரைக்கும் கூடாது.

எங்கே போனாலும் கூடவே வரும் என்று தெரிந்த பிறகு ஓடுவதில் அர்த்தமில்லை. பழைய வீட்டுக்கே திரும்பினாள். பட்டறைக் கதவை ஆணியடித்து மூடினாள். ஏழு மணியானால் முந்தானையைச் சுருட்டி வாயில் திணித்துக்கொண்டு குருவியின் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வாள். பிள்ளையைக் கணக்குப் போடச் சொல்வாள். கதவுக்கு அந்தப் பக்கம் முப்பது முறை மணி இடிக்கும். பிறகு அமைதி. நாக்கு தானாகப் புரளும். அவள் துணியைக் கடிப்பாள். ஈறில் ரத்தம் வரும். குருவிக்கு எதுவும் கேட்கவில்லை என்பது ஒன்றுதான் அவளுக்கு ஆறுதல்.

பதினேழு நாள் தாக்குப்பிடித்தாள்.

பதினெட்டாம் நாள் முப்பதாவது மணி இடித்து நின்றதும் குருவி பென்சிலைக் கீழே வைத்தது.

"அம்மா. அப்பா முடிச்சிட்டாங்க."

அவள் வாயிலிருந்த துணியைப் பிடுங்கினாள்.

"உனக்குக் கேக்குதா?"

"தினமும் கேக்குது. நீ தூங்குன பிறகும் அவங்க காத்துக்கிட்டே இருக்காங்கம்மா. பாவமா இருக்கு." பிள்ளை அவள் தோளில் கை வைத்தது. "உனக்கு முடியலன்னா பரவாயில்ல. உன் பத்தையும் சேத்து நானே சொல்லிடறேன்."

"வேணாம்."

"அருள் நிறைந்த மரியே..."

"இரு. இரு கண்ணு. அம்மா சொல்றேன்."

வேறு வழி அவளுக்குத் தெரியவில்லை. பிள்ளையை இழுத்து மடியில் போட்டு, அதன் வாயை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு அவளே தொடங்கினாள். முன்பாதியைச் சொல்லி மூச்சு வாங்கினாள். ஆணியடித்த கதவுக்குப் பின்னால் மூன்று குரல்கள் பின்பாதியைச் சொன்னன. இழுத்து ஒன்று, அவசரமாக ஒன்று, களைப்பாக ஒன்று. அந்தக் களைத்த குரலைக் கேட்டதும் அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

இரண்டு. மூன்று. எண்ணிக்கொண்டே சொன்னாள். ஏழு. எட்டு.

ஒன்பதாவதைச் சொல்லிவிட்டு நிறுத்தினாள்.

பத்து முடிந்தால்தானே முறை தாண்டும். முடிக்கவே போவதில்லை. உதட்டைப் பல்லால் கவ்விக்கொண்டாள். நாக்கு புரளவில்லை. முதல் முறையாக அது அவள் சொல்லுக்குக் கட்டுப்பட்டுக் கிடந்தது. கதவுக்குப் பின்னாலும் சத்தமில்லை. ஐந்து நிமிடம் போனது. பத்து நிமிடம் போனது. ஜெயித்துவிட்டோமோ என்றுகூட அவளுக்குத் தோன்றியது.

அப்போது பட்டறைக்குள்ளிருந்து பத்தாவது கேட்டது.

"அருள் நிறைந்த மரியே..."

அது அவளுடைய குரல்.

அவள் வாய் மூடித்தான் இருந்தது. குரல் அவசரப்படாமல் முன்பாதியைச் சொல்லி முடித்தது. மூன்று பேரும் பின்பாதியைச் சொன்னார்கள். மணி இடித்தது.

பிறகு அமைதி.

அவள் குருவியின் வாயை இன்னும் இறுக்கிப் பொத்தினாள். உள்ளங்கைக்கு அடியில், மெதுவாக, பிள்ளையின் உதடுகள் அசையத் தொடங்கின.