மாடிக்குப் போகாத வெந்நீர்

ஜனவரி மாதத்துச் சனிக்கிழமை. வெளியே பூஜ்யத்துக்கும் இருபது டிகிரி கீழே குளிர். அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்து வடகோடியில், பெல்ட்டியே குடும்பத்தின் மாடியறையில், பதினொரு வயது எலோடி ஒரு வெப்பமானியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அது ஃபாரன்ஹீட் கணக்கில் நாற்பத்தெட்டு காட்டியது. குளிர்பதனப் பெட்டிக்குள் வைத்திருந்தால் நாற்பது காட்டியிருக்கும். அவ்வளவுதான் வித்தியாசம்.

அறையின் நடுவே, புதிதாக வண்ணம் பூசிய தொட்டில் இருந்தது. மாலை ஐந்து மணிக்கு அம்மா, சிமோன் அக்காவையும் பிறந்து மூன்றே நாளான அவள் மகனையும் மருத்துவமனையிலிருந்து அழைத்து வரப்போகிறாள். அக்காவின் கணவருக்குக் கப்பலில் வேலை. வசந்தகாலம் வரை வரமாட்டார். அதுவரை அக்கா இங்கேதான் இருப்பதாகப் பேச்சு.

காலையில் அக்கா எலோடியிடம் தொலைபேசியில் பேசியிருந்தாள்.

"ரூம் சூடா இல்லேன்னா சொல்லிடு எலோடி. என் மாமியார் நாலு தடவ போன் பண்ணிட்டாங்க. நாளைக்கே வந்து என்னையும் பிள்ளையையும் அவங்க வீட்டுக்குக் கூட்டிட்டுப் போக ரெடியா இருக்காங்க. அப்புறம் ஏப்ரல்லதான் பாக்க முடியும்."

முந்தைய நாள் மாலை வரை எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது. நிலவறையில் உள்ள கொதிகலன் தண்ணீரைச் சூடாக்கும். அந்த வெந்நீர் குழாய்களின் வழியே சுவரோரமாக ஒவ்வொரு அறையையும் சுற்றிவந்து, தன் சூட்டைக் கொடுத்துவிட்டு, மறுபடியும் கீழே இறங்கும். கீழ்த்தளத்துக்கு ஒரு பாதை, மாடிக்கு ஒரு பாதை. சத்தமே போடாமல் வீடு முழுக்க நடந்து திரியும் அந்தத் தண்ணீரை எலோடிக்கு மிகவும் பிடிக்கும். இப்போது அது மாடிக்கு மட்டும் வரவில்லை. நேற்று இரவு எல்லோரும் குல்லாய் போட்டுக்கொண்டுதான் தூங்கினார்கள்.

அப்பா கில்பேர் காலையிலிருந்து போராடிக்கொண்டிருந்தார். எவ்வளவு சூடு வேண்டும் என்று குறித்துவைக்க மாடிச் சுவரிலிருந்த தெர்மோஸ்டாட்டுக்குப் புது பேட்டரி போட்டு, எழுபதுக்கு ஏற்றினார். பலனில்லை. பிறகு, "குழாய்ல காத்து அடைச்சிருக்கும்" என்று குழாயிலிருந்து காற்றை வெளியே விடும் திருகைத் திறந்தார். காற்று வரவில்லை. கறுப்புத் தண்ணீர் சீறிவந்து அவர் முகத்தில் அடித்தது.

"காத்து இல்லப்பா" என்றாள் எலோடி.

"தெரியுது" என்றார் அப்பா, கண்ணைத் துடைத்துக்கொண்டே.

கடைசியில், கொதிகலனுக்கு எண்ணெய் தந்து பழுதும் பார்க்கும் நிறுவனத்துக்குப் போன் செய்தார். அங்கே பேசுகிற பெர்னிஸ் அம்மாளை ஊரில் எல்லோருக்கும் தெரியும். அவர் குரல் பக்கத்தில் நின்ற எலோடிக்கும் கேட்டது.

"கில்பேரா? சொல்லுப்பா. உன் வீட்ல சுத்தமா சூடு இல்லையா, இல்ல ஒரு பக்கமாச்சும் இருக்கா?"

அப்பா தொலைபேசியைக் கையால் பொத்திக்கொண்டார். "சுத்தமா இல்லன்னு சொன்னா இன்னைக்கே ஆள் வரும். கீழ சூடு இருக்குன்னு சொன்னா நம்ம பேரு கடைசிக்குப் போயிடும்."

எலோடி ஒரு கணம் தொட்டிலை நினைத்தாள். பிறகு, "நமக்கு முன்னாடி யார் இருக்காங்கன்னு கேளுங்கப்பா" என்றாள்.

அப்பா கேட்டார்.

"ஆற்றோரத்துல ஹெக்டர் கிழவர். வீடு முழுக்க ஐஸா கிடக்கு. பூனையக் கோட்டுக்குள்ள வச்சிக்கிட்டு உக்காந்திருக்காரு. உனக்கும் அப்படித்தானா?"

அப்பா மகளைப் பார்த்தார். பெருமூச்சு விட்டார். "இல்ல பெர்னிஸ். கீழ சூடு இருக்கு."

"அப்போ நாளைக்கு மத்தியானம்தான்."

"கிழவரப் பாக்கச் சொல்லு மொதல்ல" என்று தொலைபேசியை வைத்தார்.

அப்போது மணி பன்னிரண்டு. எலோடி நிலவறைக்கு இறங்கினாள். அப்பாவும் பின்னாலேயே வந்தார்.

கொதிகலன் உறுமிக்கொண்டிருந்தது. அதிலிருந்து புறப்பட்ட குழாய் இரண்டாகப் பிரிந்தது. ஒவ்வொரு கிளையிலும், உள்ளங்கையளவு வெள்ளிநிறப் பெட்டியைத் தலையில் சுமந்த ஒரு வால்வு. எலோடி, கீழ்த்தளத்துக்குப் போகும் இடப்பக்கக் குழாயைத் தொட்டும் தொடாமலும் விரல் வைத்தாள். வால்வுக்கு முன்னாலும் சூடு, பின்னாலும் சூடு. வலப்பக்கத்து மாடிக் குழாயில் வால்வுக்கு முன்னால் விரல் சுட்டது. பின்னால் தொட்டாள், கிணற்றுக் கல்லைப் போலச் சில்லென்று இருந்தது.

"அப்பா, தண்ணி இங்க வரைக்கும் வந்துடுது. இந்த வாசல்லதான் நிக்குது. காவல்காரன் கதவத் தொறக்கல."

அப்பாவும் தொட்டுப் பார்த்தார். "நான் பாத்ததெல்லாம் மாடியிலதான். வாசலப் பாக்கவே இல்லையே."

எலோடி பெட்டியைச் சுற்றிலும் பார்த்தாள். பக்கவாட்டில் ஒரு சிறு நெம்புகோல் இருந்தது. 'கையால் திறக்க' என்று அதன் அருகே பொறித்திருந்தது. அதை மெல்லத் தள்ளினாள். முரண்டு பிடித்தது. விடாமல் தள்ளியபோது நகர்ந்து, ஒரு பள்ளத்தில் போய் மாட்டிக்கொண்டது. குழாய்க்குள் சலசலவென்று ஓசை.

சிறிது நேரத்தில் சில்லென்றிருந்த குழாயும் சுட்டது. அப்பா அவள் தோளைத் தட்டினார். இருவரும் மாடிக்கு ஓடினார்கள். வெப்பமானி ஐம்பத்தொன்று காட்டியது. பிறகும் ஐம்பத்தொன்றே. அரைமணி கழித்து ஐம்பது.

"போச்சு" என்று படியில் உட்கார்ந்தார் அப்பா.

எலோடி மறுபடி கீழே இறங்கினாள். நெம்புகோல் மாட்டிய இடத்திலேயே இருந்தது. ஆனால் கொதிகலன் பேசாமல் கிடந்தது. அவள் அதன் முன்னால் உட்கார்ந்து யோசித்தாள். இந்தக் காவல்காரர்களுக்கு வேலை இரண்டு. கதவைத் திறக்க வேண்டும். திறந்ததும், 'வெந்நீர் அனுப்பு' என்று கொதிகலனை எழுப்ப வேண்டும். மாடிக் காவல்காரனின் கதவை அவள் திறந்துவிட்டாள். அவனுக்குப் பதிலாகக் கொதிகலனை எழுப்புவது யார்? கீழ்த்தளத்துக்காரன் எழுப்பலாம். அவனோ, தன் தளம் போதுமான சூடானதும் வாயை மூடிக்கொள்கிறான்.

எலோடி மேலே வந்து, கூடத்துச் சுவரிலிருந்த தெர்மோஸ்டாட்டின் முன்னே நின்றாள். அதில் அறுபத்துநான்கு என்று இருந்தது. எல்லாக் குளிர்காலத்திலும் அறுபத்துநான்குதான். 'குளிருதா, ஸ்வெட்டர் போடு' என்பது அந்த ஊர் வீடுகள் பலவற்றிலும் சட்டம். பெல்ட்டியே வீட்டில் அதைத் திருத்த யாருக்கும் அதிகாரம் கிடையாது.

"அப்பா, இத எழுபத்தஞ்சு ஆக்கணும்."

"எழுபத்தஞ்சா? இந்த வீட்லயா?"

"கீழ போதும்னு சொன்னவுடனே பாய்லர் தூங்கிடுதுப்பா. கீழ போதும்னு சொல்லாம இருந்தாத்தான் மாடிக்குத் தண்ணி போய்க்கிட்டே இருக்கும்."

அப்பா அதை மனசுக்குள் ஒருமுறை ஓட்டிப் பார்த்தார். அவள் சொன்னதில் ஓட்டை எதுவும் அகப்படவில்லை. "எங்கப்பா இருந்திருந்தா என்னை வெளிய தள்ளிருப்பாரு" என்று முணுமுணுத்தபடி தாமே விரலை வைத்து ஏற்றினார்.

கீழே கொதிகலன் விழித்துக்கொண்டது.

இரண்டு மணிக்கு ஐம்பத்தாறு. மூன்றுக்கு அறுபத்தொன்று. கீழ்த்தளமோ கோடைக்காலம் ஆகிவிட்டது. அப்பா ஒரு ஸ்வெட்டரைக் கழற்றினார். அப்புறம் இன்னொன்று. கடைசியில் அரைக்கைச் சட்டையோடு நின்றார். ஜனவரியில் அப்பாவுக்கு முழங்கை உண்டு என்பதை எலோடி அன்றுதான் பார்த்தாள்.

"மூள என் பக்கத்துது இல்ல, உங்கம்மா பக்கத்துது" என்றார் அவர், நெற்றியைத் துடைத்தபடி. குரலில் பெருமை வழிந்தது.

ஐந்தேகாலுக்குக் கார் வந்தது. சிமோன் அக்கா கோட்டைக் கழற்றாமலே, குழந்தையை மார்போடு அணைத்தபடி படியேறினாள். ஒரு கையில் பெட்டி. மாடியறை வாசலில் நின்று மூச்சை வெளியே விட்டுப் பார்த்தாள். புகை கிளம்பவில்லை. சுவரோரக் குழாயின் மேல் உள்ளங்கையை வைத்தாள். சட்டென்று எடுத்துக்கொண்டாள்.

வெப்பமானியைக் காட்டக்கூட எலோடிக்குத் தோன்றவில்லை.

அக்கா குழந்தையைத் தொட்டிலில் கிடத்தினாள். அவன் கம்பளிக்குள்ளிருந்து இரண்டு கைகளையும் வெளியே நீட்டி, சோம்பல் முறித்து, அப்படியே தூங்கிப்போனான்.

அக்கா கோட்டைக் கழற்றிக் கட்டில் மேல் போட்டாள். பிறகு பெட்டியைத் திறந்து, கைக்குட்டை அளவே இருந்த ஒரு சின்னஞ்சிறு சட்டையை எடுத்து அலமாரியில் மாட்டினாள்.

"இன்னும் பதினாறு சட்ட இருக்கு. ஒவ்வொண்ணா எடுத்துக் குடு எலோடி" என்றாள்.