பிஸ்கட் டின்னில் இருந்த ஆல்பம்

வெள்ளிக்கிழமை, காலை 10.05.

டின்னுக்குள் ஊசி இருந்தது. நூல்கண்டுகள் இருந்தன. யார் யார் சட்டையிலிருந்தோ விழுந்த பட்டன்கள் எட்டு இருந்தன. ஆல்பம் பதிந்திருந்த டிஸ்க் மட்டும் இல்லை.

நிரஞ்சினி டின்னைக் கவிழ்த்து உதறினாள். மேசைக்கு அடியில் குனிந்தாள். கராஜ் முழுக்கத் தேடினாள். பிறகு போலீசுக்கு போன் போட்டாள். அவர்கள் ஒரு புகார் எண் கொடுத்து, திங்கட்கிழமை யாராவது கூப்பிடுவார்கள் என்றார்கள்.

திங்கட்கிழமை அவளிடம் பாட்டே இருக்காது. அடுத்த போன் வைதேகிக்கு.

10.50.

கிளென் வேவர்லியிலிருந்து வந்த சாம்பல் நிறக் கார் நோபல் பார்க்கில் நிரஞ்சினியின் வீட்டு வாசலில் நின்றது. இறங்கிய பெண்மணிக்கு வயது நாற்பத்தெட்டு, சொந்த ஊர் திருச்சி. இன்சூரன்ஸ் கம்பெனிகளுக்கு இழப்பை மதிப்பிடுவது தொழில். எரிந்த கடை, நனைந்த கார்ப்பெட், காணாமல் போன நெக்லஸ் என்று பத்தொன்பது வருடம் பார்த்தவள். பொய் எந்த மூலையில் உட்கார்ந்திருக்கும் என்பது அவளுக்கு அத்துப்படி. அவளுடைய மாமியார் இருக்கும் முதியோர் இல்லத்தில்தான் நிரஞ்சினிக்கு வேலை.

வைதேகி உள்ளே நுழையும்போதே கைபேசியில் வீடியோவைத் தட்டிவிட்டாள். தொழில் பழக்கம்.

"முதல்லேர்ந்து சொல்லு. அழுகையெல்லாம் அப்புறம்."

நிரஞ்சினி சொன்னாள். பதினொரு பாட்டு. கன்ட்ரி மியூசிக். கிட்டாரும் மாட்டுப் பண்ணையும் நெடுஞ்சாலையுமாக இங்குள்ள வெள்ளைக்காரர்கள் பாடும் அதே பாணி. ஆனால், ஒவ்வொரு பாட்டிலும் இரண்டு வரி தமிழ். சிட்னியில் இருக்கும் காப்பர் கல்லி ரெக்கார்ட்ஸ், தமிழ் வரிகளை வெட்டச் சொன்னது. இவள் மாட்டேன் என்றாள். வழக்கறிஞர்கள் வந்தார்கள். ஆல்பம் இரண்டு வருடம் முடங்கியது.

"போன மாசம் சமாதானம் ஆச்சு அக்கா. தமிழ் வரியோடயே வெளியிடுவினம். ஆனா இண்டைக்கு அஞ்சு மணிக்குள்ள ஒரிஜினல் பதிவு இருக்கிற டிஸ்க்கை அவையின்ர லோயரிட்டக் குடுக்கவேணும். குடுக்காட்டி பதினொரு பாட்டும் கொம்பனிக்குப் போயிடும். தமிழை வெட்டிப்போட்டு வேற ஆரையும் வச்சுப் பாடலாம்."

"காப்பி?"

"இல்லை. கள்ளமா வெளிய போயிடும் எண்டு ரெண்டு பக்க லோயரும் சேர்ந்து எல்லாக் கொப்பியையும் அழிச்சவை. மிஞ்சினது அந்த ஒண்டுதான்."

"அதை பிஸ்கட் டின்ல வெச்சது யார் ஐடியா?"

"என்ர தான். தமிழ் வீட்டில இந்த டின்னுக்குள்ள தையல் சாமான்தானே இருக்கும். கள்ளன் திறந்தும் பாக்கமாட்டான்."

"நம்ம கள்ளன் திறந்திருக்கானே. யாருக்கெல்லாம் தெரியும்?"

மூன்று பேர். ஆபீஸ் வேலையோடு இவளுக்கு மேனேஜராகவும் இருக்கும் சித்தார்த். கிட்டார் வாசிக்கும் தனோஜன். காப்பர் கல்லியிலிருந்து வரும் கிராண்ட் மெலோர். டிஸ்க்குக்கு சீல் வைத்த அன்று மூவரும் இங்கேதான் இருந்தார்கள். டின்னைப் பார்த்துச் சிரித்தார்கள். கராஜ் சாவி காஸ் மீட்டர் பெட்டிக்குள் இருப்பதும் மூவருக்கும் தெரியும்.

"கடைசியா டிஸ்க்கைப் பாத்தது?"

"நேற்று பின்னேரம் ஆறு மணி. பூட்டிப்போட்டு வீட்டுக்குள்ள போனனான். காலம்பற ஆறுக்கு வேலைக்குப் போய், அரை நாள் லீவு கேட்டு இப்பதான் வாறன்."

பேசிக்கொண்டே நிரஞ்சினி ஸ்டாண்டில் இருந்த கிட்டாரை மடியில் எடுத்து வைத்தாள். விரல்கள் தாமாக ஒரு தட்டுத் தட்டின. ஆறு கம்பியும் ஒன்றாக, சுத்தமாக ஒலித்தன. அதோடு சேர்ந்து ஒரு வரி முனகினாள். குரல் சரியாகப் போய் உட்கார்ந்தது.

"நல்லா இருக்கே. பழைய கிட்டாரா?"

"கிட்டார் பழசு, கம்பி புதுசு. நேற்றுத்தான் மாத்தினனான்."

"சுருதி கொஞ்சம் கீழ கேக்குது."

"ஓம். இந்த ஆல்பம் முழுக்க அரைக்கட்டை குறைச்சுத்தான். என்ர குரலுக்கு அதுதான் பொருந்தும்."

வைதேகி தலையாட்டினாள். வெளியே வெயில் முப்பத்தேழு டிகிரி.

11.30.

மூன்று போன்கள்.

சித்தார்த், "காலைல பையனை ஸ்கூல்ல விட்டுட்டு நேரா ஆபீஸ். எட்டரைலேர்ந்து மீட்டிங். கேட்டுப் பாருங்க மேடம்" என்றான். வைதேகி கேட்டுப் பார்த்தாள். மீட்டிங் எட்டரைக்கு அல்ல, ஒன்பதே காலுக்கு.

கிராண்ட் மெலோர், எட்டு மணிக்கு நோபல் பார்க் வந்ததாக அவராகவே ஒப்புக்கொண்டார். "நேரில் வாங்கிக்கொண்டால் வேலை சுலபம் என்று நினைத்தேன். கதவைத் தட்டினேன். யாரும் இல்லை. போய்விட்டேன்." ஆங்கிலம் மிக நிதானமாக வந்தது.

ஸ்பிரிங்வேலில் பிள்ளைகளுக்கு கிட்டார் சொல்லித்தரும் தனோஜன், "நான் அந்தப் பக்கம் வந்து மூண்டு கிழமை அக்கா. ஏன், என்ன நடந்தது?" என்றான்.

"எல்லாரும் ஒன்றரைக்கு கராஜுக்கு வந்துடுங்க" என்றாள் வைதேகி.

போனை வைத்துவிட்டு நிரஞ்சினியின் பக்கம் திரும்பினாள்.

"ரெண்டு கேள்வி. காலைல நான் வர்றதுக்கு முன்னாடி கிட்டார் திருகாணியைத் தொட்டியா?"

"இல்லை அக்கா. டின்னைப் பாத்த உடன எனக்குக் கையும் ஓடேல்லை, காலும் ஓடேல்லை."

"அந்தப் பதினொரு பாட்டுல எத்தனைக்கு மெட்டு உன்னோடது?"

"நாலு. மிச்சம் ஏழும் தனோஜன் போட்டது. ஒப்பந்தத்தில அவன்ர பேரையும் போட்டால் சண்டை திரும்பத் தொடங்கும் எண்டு சித்தார்த் சொன்னவர். பிறகு பாப்பம் எண்டு விட்டிட்டன்."

"சரி. இப்ப அந்தக் கிட்டாரைக் குடு."

வைதேகி திருகாணிகளை ஒவ்வொன்றாகத் தளர்த்தினாள். கம்பிகள் தொய்ந்தன. கிட்டாரைப் பழையபடி ஸ்டாண்டில் வைத்தாள்.

பகல் 1.35.

மூன்று நாற்காலிகள். மூன்று கிளாஸ் தண்ணீர். "போலீஸ் லைன்ல இருக்காங்க, அஞ்சு நிமிஷம்" என்று சொல்லிவிட்டு வைதேகி வீட்டுச் சமையலறைக்குப் போனாள். நிரஞ்சினி ஏற்கெனவே ஜன்னலோரம் நின்றாள். வெக்கைக்காகத் திறந்து போட்டிருந்த கராஜ் கதவு வழியாக எல்லாம் தெரிந்தது. எல்லாம் கேட்டது.

சித்தார்த் கைபேசியில் மூழ்கினான்.

கிராண்ட்தான் முதலில் எழுந்தார். கிட்டாரை எடுத்து ஒரு தட்டுத் தட்டி முகத்தைச் சுளித்தார். கைபேசியில் சுருதி காட்டும் செயலியைப் பார்த்துப் பார்த்துத் திருகினார். ஆறு கம்பியும் சேர்ந்தன.

"அது சரியில்லை" என்று ஆங்கிலத்தில் சொன்னான் தனோஜன். "இந்த ஆல்பத்துக்கு அரைக்கட்டை கீழே."

"அப்படியா? எனக்குத் தெரியாதே."

தனோஜன் கையை நீட்டி கிட்டாரை வாங்கிக்கொண்டான். எந்தக் கருவியும் பார்க்கவில்லை. கண்ணை மூடினான். ஆறு திருகாணி, ஒரு நிமிடம். தட்டினான். காலையில் கேட்ட அதே ஒலி.

"தனோ, உனக்கு கை சும்மாவே இருக்காதா?" என்றான் சித்தார்த், தலை நிமிராமல்.

வைதேகி உள்ளே வந்தாள். பின்னால் நிரஞ்சினி.

"தனோஜன், டிஸ்க் எங்க?"

அவன் கிட்டாரைக் கீழே வைக்கவில்லை. "என்னையோ கேக்கிறியள்?"

"உங்களைத்தான். சின்ன வயசுல ஆறு வருஷம் வீணை கத்துக்கிட்டேன். அதுல பாதி நேரம் சுருதி சேர்க்கறதிலேயே போச்சு. அதனால புதுக் கம்பியோட குணம் எனக்குத் தெரியும். கட்டின முதல் நாள் அது நிக்காது. ராத்திரி கழிஞ்சா தொய்ஞ்சிடும். இந்த வெயில்ல கேக்கவே வேணாம். நேத்து சாயந்தரம் கம்பி மாத்தியாச்சு. இன்னிக்கு காலைல கிட்டார் கச்சிதமா நின்னுது. என் வீடியோல இருக்கு. அப்ப காலைல இவ வேலைக்குப் போன ஆறு மணிக்கும் பத்து மணிக்கும் நடுவுல யாரோ உக்காந்து சுருதி சேர்த்திருக்காங்க."

வைதேகி கிட்டாரை விரலால் சுட்டினாள்.

"திருட வந்தவன் எதுக்கு சுருதி சேர்க்கணும்? அவசியமே இல்ல. ஆனா தொய்ஞ்ச கம்பியைப் பாத்துட்டு சும்மா போக முடியாதவங்க இருக்காங்க. சித்தார்த் அந்த ஜாதி இல்ல. மீட்டிங் நேரத்தைப் பத்திப் பொய் சொன்னார், ஆனா கிட்டார் பக்கம் திரும்பக்கூட இல்ல."

"காலைல வேற ஒரு கம்பெனில இன்டர்வியூ மேடம்" என்றான் சித்தார்த் மெல்ல. "ஆபீசுக்குத் தெரிஞ்சா போச்சு."

"உங்க ஆபீஸ் ஆளுங்க இங்க இல்ல. மிஸ்டர் மெலோர் அந்த ஜாதிதான். ஆனா அவர் வெச்சது வழக்கமான சுருதி. காலைல கிட்டார் அரைக்கட்டை கீழ இருந்தது. அந்த அரைக்கட்டை இங்க ரெண்டே பேருக்குத் தெரியும். நிரஞ்சினி செஞ்சிருந்தா புதுக் கம்பின்னு அவளே என்கிட்ட வாயைத் திறந்து சொல்லியிருக்க மாட்டா. மூணு வாரமா வரலைன்னு சொன்ன நீங்க, இன்னிக்கு காலைல வந்திருக்கீங்க."

தனோஜன் கிட்டாரைப் பார்த்தான். பிறகு நிரஞ்சினியைப் பார்த்தான்.

"மூண்டு தரம் கேட்டனான் உன்னை. ஏழு மெட்டு. கவர்ல என்ர பேர் எங்க? அஞ்சு மணி தாண்டினால் இந்த ஒப்பந்தம் கிழிஞ்சிடும், புதுசா எழுதுவினம், அப்ப என்னையும் சேர்ப்பினம் எண்டு நினைச்சனான். நாளைக்கே டிஸ்க்கைத் தந்திருப்பன்."

"ஒப்பந்தத்தைப் படிச்சீங்களா?" என்றாள் வைதேகி.

"எனக்கு ஆர் காட்டினது?"

வைதேகி நிரஞ்சினியின் கோப்பைத் திறந்து எட்டாவது பிரிவைப் படித்தாள். ஐந்து மணி தாண்டினால் புது ஒப்பந்தம் கிடையாது. பதினொரு பாட்டும், அத்தனை மெட்டோடும், கம்பெனிக்கு.

தனோஜனின் கை கிட்டார் கழுத்தில் அப்படியே நின்றது.

"அப்ப என்ர ஏழும்?"

"உங்க ஏழும்தான்."

அவன் எழுந்து வெளியே நின்ற காரைக் காட்டினான். "டிஸ்க் காருக்குள்ள இருக்கு. ஸ்பெயார் டயருக்குக் கீழ."

"இந்த வெயிலிலா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார் கிராண்ட், மொழி புரியாவிட்டாலும் கை போன திசை புரிந்து.

மாலை 4.44.

நகரத்தில் காலின்ஸ் தெரு, பன்னிரண்டாம் மாடி, கம்பெனி வழக்கறிஞரின் அலுவலகம். டிஸ்க் கணினியில் திறந்தது. பதினொரு பாட்டும் பத்திரமாக இருந்தன. வழக்கறிஞர் ரசீதை நீட்டினார்.

நிரஞ்சினி டிஸ்க்கைப் பிடுங்கி மறுபடி கைப்பைக்குள் வைத்தாள்.

"ஏழு பாட்டுக்கு மெட்டு தனோஜன் என்று எழுதுங்கள். பிறகு தருகிறேன்."

"மாற்றம் செய்ய சிட்னியின் அனுமதி வேண்டும்" என்றார் வழக்கறிஞர். "பதினாறு நிமிடம்தான் இருக்கிறது. தாமதமானால் எல்லாம் கம்பெனிக்குப் போய்விடும்."

"தெரியும்."

வைதேகி நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தாள்.

கிராண்ட் நிரஞ்சினியை ஒரு கணம் பார்த்தார். பிறகு கைபேசியை எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் போனார். சிட்னியில் யாரோ மறுத்தார்கள். கிராண்ட் குரலை உயர்த்தவில்லை. "அவன் கண்ணை மூடிக்கொண்டு சுருதி சேர்ப்பதை நான் பார்த்தேன்" என்றார். "இந்த ஆல்பம் அவனுடையதும்தான். இன்னொரு வழக்கு வேண்டுமா உங்களுக்கு?"

4.56. வழக்கறிஞரின் பிரின்டர் ஒரு தாளைத் துப்பியது.

நிரஞ்சினி போன் போட்டாள். கீழே, தெருவில், மேலே வர முகமில்லாமல் நின்றிருந்தவன் எடுத்தான்.

"மேல வா தனோ. கையெழுத்து வைக்கவேணும்."

"என்னத்துக்கு?"

"உன்ர ஏழுக்கும்."

அந்தப் பக்கம் ஒரு டிராம் மணியடித்துப் போனது.

"எத்தனையாம் மாடி?"

"பன்னிரண்டு. ஓடி வா, நாலு நிமிசந்தான் இருக்கு."