ஒரு மாத்திரை... மூன்று கைகள்!

"என் வாழ்க்கையில யாருக்கும், எதையும் பாக்கி வெச்..."

மைக் கீச்சிட்டது.

முதலாளி சரிந்தார்!

புது ஃபர்னிச்சர் ஷோரூமின் திறப்பு விழா. வெட்டிய ரிப்பனைக் குப்பையில் போடக்கூட நேரமில்லை, அதற்குள் இந்தக் கூத்து. ஒன்று சொல்ல வேண்டும்... மனிதர் விழும்போதுகூடக் கடையிலேயே விலை உயர்ந்த சோபாவாகப் பார்த்துத்தான் விழுந்தார்.

"அய்யய்யோ... என்னங்க!" மனைவி அலறினாள்.

"யாரும் கிட்ட வராதீங்க! இது விஷம்!"

கூவியவர் மனைவியின் தம்பி. கடையின் மேனேஜர். டி.வி.யில் துப்பறியும் தொடர் ஒன்றையும் விடாதவர். அவர் விரல் மேடையின் ஓரத்துக்கு நீண்டது.

"இவதான்! பேசறதுக்கு முன்னாடி அத்தான் கையில மாத்திரை குடுத்தவ இவதான்! ஊரே பார்த்துச்சு!"

விரலின் அந்தப் பக்கம் மருமகள் நின்றாள். கையில் இன்னும் தண்ணீர் டம்ளர்.

அன்று மாலைதான் தன் நாற்காலியில் அடுத்து யார் உட்காருவது என்று முதலாளி அறிவிப்பதாக இருந்தார். அதனால் கொஞ்ச நாளாகவே குடும்பம் அவரைத் தாங்கு தாங்கென்று தாங்கியது. அவர் தும்மினால் மூன்று கைக்குட்டை நீளும்!

ஆஸ்பத்திரி. தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசல்.

இன்ஸ்பெக்டர் விலங்கை விரலில் மாட்டிச் சுழற்றினார். விலங்கு இல்லாமல் அவருக்குப் பேச்சு வராது.

"மாத்திரை குடுத்தியாம்மா?"

"குடுத்தேன் சார். மாமாவுக்கு நெஞ்சுத் துடிப்பு திடீர் திடீர்னு தாறுமாறா ஓடும். அதை நிதானப்படுத்தற மாத்திரை. டாக்டர் எழுதிக் குடுத்ததுதான்."

"நிதானப்படுத்தினது போதும், நிறுத்தியே வெச்சிடலாம்னு நினைச்சிட்டே... அப்படித்தானே?"

"நினைச்சிருந்தா மேடை ஏறி, கேமராவுக்கு முகம் காட்டியா சார் குடுப்பேன்? வீட்ல சமையலறைன்னு ஒண்ணு இருக்கே!"

இன்ஸ்பெக்டர் கொஞ்சம் யோசித்தார். பழக்கமில்லாத வேலை. உடனே விட்டுவிட்டார்.

கதவு திறந்தது. டாக்டரம்மா வெளியே வந்தாள்.

"பிழைச்சுக்குவார். கொண்டு வந்தப்போ நாடி பாதிக்குக் கீழே கிடந்துச்சு."

"என்ன விஷம் டாக்டர்?" மேனேஜர் ஆவலாகக் கேட்டார்.

"விஷமும் இல்ல, மண்ணும் இல்ல. அவர் தினம் போடற அதே மாத்திரைதான். ஒரு நாளைக்கு ஒண்ணுன்னா மருந்து. மேல மேல போட்டா அதுவே எமன். ரத்தத்துல அளவுக்கு மீறி இருக்கு."

"பார்த்தீங்களா சார்! ஒண்ணுன்னு சொல்லி ஒரு கொத்தே குடுத்திருக்கா! உள்ள தள்ளுங்க!"

விலங்கு சுழல்வது நின்றது. மருமகளின் மணிக்கட்டை நோக்கி நகர்ந்தது.

அவள் புருஷன் வெளிநாட்டில். இன்னும் கொஞ்ச நேரத்தில் பள்ளிக்கூட வாசலில் மகள் வந்து நிற்பாள். 'அம்மா எங்கே?' என்று கேட்டால்...

நான் கொடுத்தது ஒன்று. மற்றது யார் கை?

நேராகக் கேட்டால் சாகும்வரை வாயைத் திறக்க மாட்டார்கள். ஆனால் இந்த வீட்டை அவளுக்குத் தெரியும். குற்றத்தை ஒருத்தரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். நல்ல பேர் என்றால்... முண்டியடித்துக்கொண்டு வருவார்கள்!

பெருமூச்சு விட்டாள்.

"கூட்டிட்டுப் போங்க சார். எனக்கு ஒரே ஒரு வருத்தம்தான். மாமா மேல இந்த வீட்ல என்னை விட்டா வேற யாருக்கும் அக்கறை இல்ல. மாத்திரை போட்டீங்களான்னு கேட்க ஒரு நாதி கிடையாது. அவர் கண்ணு முழிச்சதும் நீங்களே இதைச் சொல்லிடுங்க."

"என்னடி சொன்னே?" மாமியார் பொங்கினாள். "காலையில அவர் பல்லு விளக்கிட்டு வந்ததும் மாத்திரை எடுத்துக் குடுத்ததே நான்தான்டி!"

"நீ சும்மா இரு அக்கா! கார்ல வர்றப்போ ஞாபகமா எடுத்துக் குடுத்தது யாரு? நானாக்கும்!" மேனேஜர் நெஞ்சைத் தட்டினார்.



தட்டிய கை நெஞ்சிலேயே நின்றது.

"ஆக மூணு பேர்!" இன்ஸ்பெக்டர் தலையைச் சொறிந்தார். "நான் ஒரு விலங்குதானே கொண்டு வந்தேன்..."

"ஒரு வீட்ல மாத்திரைக்கு ஒரு ஆள் பொறுப்பு இருக்கணும்," டாக்டரம்மா வெடித்தாள். "ஆளாளுக்குப் பாசத்தைக் காட்டறதுக்கு இது மிட்டாயா?"

அப்போது நர்ஸ் முதலாளியின் கோட்டைக் கொண்டு வந்து நீட்டினாள். இன்ஸ்பெக்டர் பாக்கெட்டுக்குள் கையை விட்டார். ஒரு கைக்குட்டை. பிரித்தார்.

உள்ளே... மூன்று மாத்திரைகள்!

"அட! ஒண்ணைக்கூட அவர் முழுங்கவே இல்லையே!"

"முழுங்குவேனா?"

உள்ளேயிருந்து குரல். எல்லோரும் கட்டிலைச் சுற்றிப் பாய்ந்தார்கள். முதலாளி கண் திறந்திருந்தார். ஒரு கையில் டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருந்தது. முகத்தில் மட்டும் பழைய மிடுக்கு.

"நாற்காலி யாருக்குன்னு சொல்லப்போற அன்னைக்கு, ஒருத்தர் மாத்தி ஒருத்தர் மாத்திரையை நீட்டினா... நான் என்ன கேணையா? வாயில போடற மாதிரி போட்டு, பாக்கெட்ல தள்ளிட்டேன்!"

"அப்போ நீங்க எதைத்தான் போட்டீங்க?" டாக்டரம்மா கேட்டாள்.

"என் அலமாரியில இருந்த என் மாத்திரை! விழா அலைச்சல்ல மூணு நாள் விட்டுப்போச்சு. விடிஞ்சதும் இன்னைக்கு உள்ளதோட சேர்த்து நாலையும் போட்டுக் கணக்கை நேர் பண்ணிட்டேன். என் வாழ்க்கையில யாருக்கும், எதையும் பாக்கி வெச்சதில்ல!"

"மாத்திரை என்ன மாசத் தவணையா? விட்டது விட்டதுதான்! அடுத்த வேளைக்கு எப்பவும் போல ஒண்ணு. சந்தேகம்னா எனக்கு ஒரு போன். மொத்தமா போட்டா இதயம் ஷட்டரை இறக்கிட்டுப் போயிடும்!"

"இவ்ளோ பெரிய கடையை நடத்தற எனக்கு..."

தலைமாட்டில் இருந்த மானிட்டர் 'பீப்... பீப்...' என்று கத்தியது. அந்தக் கடைக்காரரின் பேச்சை அன்றுவரை யாரும் அப்படி வெட்டியதில்லை.

மேனேஜர் மெல்லக் குனிந்தார்.

"அத்தான்... அந்த நாற்காலி யாருக்குன்னு..."

"அவருக்குத்தான்!" என்றபடி நர்ஸ் சக்கர நாற்காலியை உள்ளே தள்ளினாள்.

இன்ஸ்பெக்டர் ஏமாற்றத்தோடு விலங்கை இடுப்பில் செருகிக்கொண்டு கிளம்பினார்.

"சார்... ஒரு நிமிஷம்!" மருமகள் ஓடி வந்து வழிமறித்தாள். "விலங்கை மட்டும் விட்டுட்டுப் போங்க. மாமாவோட அலமாரிக்குப் பூட்டு இல்ல!"